புரட்டாசியில் ஓர் ஊசி

செப். 24, புதன்
காலையிலேயே மழை. துணி காயப்போட்ட கழிகளை உள்ளே இழுத்தேன். சளிக்காய்ச்சல் தடுப்பூசித் துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் மொழிபெயர்த்து முடித்தாயிற்று. முட்டையில் வளர்த்து, செயலிழக்கச் செய்து, சுத்திகரித்து... அந்த ஒரு வரிக்கே முற்பகல் போயிற்று. வழக்கம்போல் கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். பஸ் ஓட்டும் இவருக்குப் புரிந்தால் எல்லாருக்கும் புரியும்.

பாதியில் நிறுத்திவிட்டார்.

"முட்டையா? புரட்டாசி மா. தீபாவளி முடிஞ்சு போட்டுக்கறேன் லா."

மற்ற பதினோரு மாதமும் ஆட்டுக்கறி தேடும் மனிதர்!

செப். 26, வெள்ளி
இவர் தங்கை வசந்தி அக். 13 முதல் எங்களோடு. கீமோ பாதியில். தன் புக்கிட் மேரா வீட்டில் தனியாக எத்தனை நாள் சமாளிப்பாள்? வீட்டில் எல்லாரும் ஊசி போட்டிருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். பலன் பிடிக்க இரண்டு வாரம். நான் போட்டுவிட்டேன், கை கனக்கிறது. இவரோ நாள் முழுக்கப் பயணிகளின் இருமலுக்கு நடுவே.

"போட்டாலும் வருமாமே? நீயே எழுதியிருக்கே."

எழுதியது உண்மை. எந்தக் கிருமி பரவும் என்று பல மாதம் முன்பே கணித்துத்தான் தயாரிக்கிறார்கள். சில ஆண்டு பொருந்தும், சில ஆண்டு அரைகுறை.

"வர்ற வாய்ப்பு குறையும்ல? அவளுக்கு ஊசி போட்டாலும் இப்போ உடம்புல சரியாப் பிடிக்காதுங்க. நாமதான் பாத்துக்கணும்."

ரிமோட்டை எடுத்தார். டிவி சத்தத்தைக் கூட்டினார்.

செப். 27, சனி
சிராங்கூன் ரோடு. பெருமாள் கோவிலில் நீண்ட வரிசை. சன்னிதியில் இவர் கண்ணை மூடியவர் திறக்கவே இல்லை. பின்னால் ஒரு குரல்: "அண்ணே, நகருங்க. பெருமாளுக்கு எங்க கேஸும் இருக்கு."

வெளியே வந்ததும், "பேசி முடிச்சுட்டேன்" என்றார்.

"யார்கிட்ட?"

"பெருமாள்கிட்ட. திங்கக்கிழமை ஊசி. பதிலுக்கு ஐப்பசி முழுசும் சைவம். தீபாவளியும் சேத்துதான்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு வாழைப்பழம் விலை கேட்டேன்.

செப். 29, திங்கள்
கிளினிக். இவருக்கு ஊசி முடிந்தது.

"வலிச்சுதா அங்கிள்?" தாதி கேட்டாள்.

"ஊசி வலிக்கல. மட்டன்தான் வலிக்குது."

அக். 13, திங்கள்
வசந்தி வந்துவிட்டாள். தலையில் பச்சைத் துணி. மெலிந்திருக்கிறாள், ஆனால் வாய் அதே வாய். ரசம் சோறு இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்!

"அண்ணே, தீபாவளிக்கு மட்டன் உண்டுதானே? நாக்கு செத்துப்போச்சு."

இவர் என்னைப் பார்த்தார்.

"உண்டு. நானே சமைக்கறேன்" என்றார்.

"நீ சாப்பிடமாட்டியாமே, அண்ணி சொன்னாங்க."

"எனக்கு வாசம் போதும் லா."

வாங்க வேண்டியவை: இஞ்சி, மல்லித்தூள், முகக்கவசம், ஆட்டுக்கறி (இரண்டு பேருக்கு மட்டும்).