மெர்லை நான் ஏன் மணக்கவில்லை

ஹார்லன் கிரீக், கொலராடோ
2017 டிசம்பர் 12

அன்பு மகள் டெஸ்ஸாவுக்கு,

அலாஸ்காக் குளிரில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன், இங்கே நானும் உன் தங்கையும் நன்றாகவே இருக்கிறோம். ஜோசிக்குச் சர்க்கரை இந்த மாதம் சொன்ன பேச்சைக் கேட்கிறது, ஊசியை அவளே போட்டுக்கொள்கிறாள், நான் பக்கத்தில் நின்றால் இடைஞ்சலாம், என்னைச் சமையலறைக்குத் துரத்திவிடுகிறாள். பதினோரு வயதில் என்ன அதிகாரம் பார். நீ மீன் ஆலையில் நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிறாய், காலுறையை மாற்றாமல் தூங்காதே.

போன வாரம் போனில் நீ மெர்லைத் திட்டியது எனக்குச் சரியாகப் படவில்லை. ரெண்டு வருஷமா நம்ம வீட்ல சாப்பிட்டுட்டுக் கைய வீசிட்டுப் போறாரே, கல்யாணம்னு மட்டும் வாயில வராதாமா என்று கேட்டாய். வந்தது, டெஸ்ஸா. ஆகஸ்டிலேயே கேட்டார், மோதிரம்கூட வாங்கிவிட்டார். மாட்டேன் என்றவள் நான்தான். அவரைக் கட்டிக்கொண்டால் அவர் கிணற்றுக்குப் போர் போட்டுச் சம்பாதிப்பதும் நம் வீட்டு வருமானமாகிவிடும், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கான மாநிலக் காப்பீட்டின் வரம்பைத் தாண்டிவிடுவோம், ஜோசியின் இன்சுலினுக்கு வழியிருக்காது. அவருக்குச் சொந்தத் தொழில், கம்பெனிக் காப்பீடு கிடையாது. வெளியே வாங்கினால் எங்கள் இருவர் உழைப்பும் அதற்கே போய்விடும். காப்பீட்டு அலுவலகத்துப் பெண் நல்லவள், குரலைத் தாழ்த்தி, கல்யாணம் பண்ணாம ஒண்ணா இருந்தா அவர் வருமானத்த நாங்க சேக்க மாட்டோம்மா என்றாள். சர்ச்சில் முன்வரிசையில் நின்று பாடுகிறவள் நான், அது என்னால் முடியாது. மெர்ல் சிரித்துவிட்டார். வெட்டியா சுத்துறவனக் கட்டிக்கலாமாம், வேலைக்குப் போறவனக் கட்டக் கூடாதாம், நல்லாத்தான் இருக்கு லொரெய்ன் ஒங்க சட்டம் என்று சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். தினமும் அப்படித்தான் போகிறார். ஜோசியும் தூங்கிய பிறகு ரேடியோவைப் போட்டுக்கொண்டு கழுவிய தட்டையே மறுபடி கழுவுகிறேன். இந்த வயதில் தனிமை பழகிவிடும் என்று நினைத்தேன், பழகவில்லை.

இப்போது வேறு கவலை. வாஷிங்டனில் இந்தப் பிள்ளைகள் காப்பீட்டுத் திட்டத்துக்கான பணத்தைப் புதுப்பிக்காமல் இழுத்தடிக்கிறார்களாம். அது வராவிட்டால் ஜனவரி முடிவோடு சரி, வேறு காப்பீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று மாநிலத்திலிருந்து எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்லிவிட்டார்கள். ஜோசியின் இன்சுலின் இன்னும் எத்தனை நாளுக்கு வரும் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிய கையோடு, திட்டமே போய்விட்டால் மெர்லைக் கட்டிக்கொள்ளத் தடையில்லையே என்று மனம் ஒரு துள்ளு துள்ளியது. பெற்ற பிள்ளையின் மருந்து போகப்போகிறது, எனக்குக் கல்யாண ஆசை. வெட்கமாக இருந்தது, அழுதேன். மெர்லிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, பணம் வரணும்னுதான் நானும் வேண்டிக்கிறேன் என்றார். அவர் வீட்டில் அவரும் என் வீட்டில் நானும், நாங்கள் சேராமலே இருக்க வேண்டும் என்று முழு மனதோடு ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். கிறிஸ்துமசுக்கு வர முடியாவிட்டால் பரவாயில்லை, மெர்லுக்குப் போன் பண்ணி நாலு நல்ல வார்த்தை பேசு. ஜோசியிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே. அம்மாவுக்குக் கல்யாணத்தில் இஷ்டமில்லை என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

உன் அம்மா,
லொரெய்ன்