பாதியில் நிறுத்திய கல்

இன்று காலை அடுத்த வீட்டில் கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தார்கள். கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்த எந்திரக்கல் சட்டென்று பாதியில் நின்றது. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த நான் ஒரு மூச்சு இழுத்து விட்டேன். வாய் தானாகத் திறந்து "சரி" என்றது. சொன்ன பிறகுதான் யாருக்குச் சொல்கிறேன் என்று உறைத்தது. அங்கே அரைத்துக்கொண்டிருந்தவள், குழந்தை அழுகிறதென்று எழுந்து போயிருக்கிறாள், அவ்வளவுதான். நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். நீங்கள் போய் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எந்திரக்கல்லின் சத்தத்துக்கு அழுகிறவள் இந்த ஆம்பூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அழுது முடித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தது இதற்காவது உதவட்டும்.

உங்கள் கை ஒடிந்தது நமக்குக் கல்யாணமான மறுவருஷம், மழைக்காலத்தில். தோல் பதனிடுகிற ஷாப்பில், தோல் ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியின் ஓரத்தில் வழுக்கி, குழிக்குள் விழாமல் கரைக்கல்லின் மேல் விழுந்தீர்கள். சுண்ணாம்பில் விழாமல் தப்பித்தாரே என்று நான் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு ஜட்காவிலிருந்து இறங்கி, "இன்னா கொழம்பு இன்னிக்கி?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. உங்கள் முகம் வலியில் வெளுத்துக் கிடந்தது.

பேரணாம்பட்டிலிருந்து ஒருவர் வந்து மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கரு தடவிக் கட்டுப் போட்டார். எலும்பு நன்றாகத்தான் கூடியது. ஆனால் கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்தது உங்கள் கை இல்லை. முருங்கைக்காய் மாதிரி ஏதோ ஒன்று தோளிலிருந்து தொங்கியது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அதற்குப் பிறகு நீங்கள் என் எதிரில் சட்டையைக் கழற்றவே இல்லை. ஆம்பூர் வெயிலில், கோடை முழுக்க, வீட்டுக்குள் சட்டையோடு உட்கார்ந்திருந்தீர்கள். குளிக்கும்போது அந்தப் பக்கத்தைச் சுவருக்குக் காட்டி நின்றீர்கள். கட்டினவளிடமே மறைக்கிற அளவுக்கு அதில் என்ன இருந்தது? எனக்கு அது உங்கள் கை, அவ்வளவுதான். அதை அன்றே வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன். உங்கள் காதில் ஏறவில்லை.

மேஸ்திரி உங்களைப் பட்டைக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார். தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிற பெண்களுக்கு நடுவே நீங்கள் ஒருத்தர்தான் ஆண். "மச்சான், நாளைக்கி வளையல் போட்டுக்கினு வா" என்று அவர்கள் கேலி செய்ததை நீங்களே சிரித்துக்கொண்டு வந்து சொன்னீர்கள். சிரித்த வாய் அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை. பிறகு மேஸ்திரி சொன்னதையும் சொன்னீர்கள். வடக்கேயிருந்து ரயிலில் வரும், உப்புப் போட்ட பச்சைத் தோலை, மூட்டையாக வண்டியிலிருந்து தோளில் இறக்குகிற அன்றைக்குப் பழைய இடம் உங்களுக்குத் திரும்பவும் உண்டாம். அதுதான் உங்களைப் பிடித்துக்கொண்டது. கை மறுபடியும் கையாக வேண்டும், பழைய இடத்தில் போய் நிற்க வேண்டும். வேறு எந்தப் பேச்சும் உங்களுக்குப் பேச்சாக இல்லை.

எங்கிருந்தோ உடைந்த ஜட்காவின் இரும்புக் கம்பி ஒன்றைத் தூக்கிவந்தீர்கள். முதலில் வெறும் கம்பி, பிறகு இரண்டு முனையிலும் மணல் மூட்டை. மணல் போதாமல் போனபோது உங்கள் கண் என் எந்திரக்கல்லின் மேல் விழுந்தது. மேல்கல்லில் துளை இருக்கிறது, கம்பியில் மாட்டலாம். அடிக்கல்லில் துளை முழுக்கப் போகாது. ஆகவே இன்னொரு மேல்கல் வேண்டும். எதிர்வீட்டு ரோசம்மாளிடம் போய் என்ன சொல்லி வாங்கினீர்களோ, அவளும் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து காலையில் நீங்கள் கம்பியைக் கீழே வைக்கிறவரை இரண்டு வீட்டுக் கேழ்வரகும் காத்துக்கிடந்தது. களி தாமதமானதற்கு ரோசம்மாள் வீட்டுக்காரர் யாரைத் திட்டினாரோ தெரியாது. நான் உங்களைத் திட்டினேன்.

கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, முழங்கையை மடக்கி, நெஞ்சுவரை சர்ரென்று தூக்கி இறக்குவீர்கள். வாரக்கணக்கில் செய்தீர்கள். உடம்பு ஏறியது, ஆனால் ஏறியதெல்லாம் வலது கையில். இடது கை அப்படியே இருந்தது. நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தீர்கள். எந்திரத்துக்குத்தான் கேடு என்று நான் முணுமுணுத்தேன்.

ஒருநாள் நீங்கள் பாதி தூக்கியிருக்கும்போது ரோசம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, வீட்டுக்கு விருந்தாளி வந்துக்கிறாங்க. கல்ல எப்ப குடுப்பீங்க?"

பதில் சொல்வதற்காக அப்படியே நின்றீர்கள். கம்பி வயிற்றுக்கு நேரே நின்றது. நின்றதுதான் தாமதம், இடது முனை மெல்லக் கீழே சரிந்தது. ரோசம்மாளை மறந்து, நீங்கள் அந்த முனையையே பார்த்தீர்கள். நானும் பார்த்தேன்.

"அடச்சீ. சோத்துக்கை இழுத்துக்கினு போவுது, பீச்சாங்கை சும்மா கூட வருது. நின்னாத்தான் திருட்டு தெரியுது."

அன்றைக்கு மாறியது எல்லாம். அதற்குப் பிறகு வேகமாகத் தூக்கவே இல்லை. கம்பியைப் பாதிக்குக் கொண்டுவருவீர்கள், அங்கே அசையாமல் நிறுத்துவீர்கள், இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் நின்றால்தான் மேலே. இறக்கும்போதும் அதே இடத்தில் ஒரு நிறுத்தம். ஒரே வீச்சில் தூக்கும்போது பாதி வேலையை வேகமே செய்துவிடுகிறது, நிறுத்திவிட்டு எழுப்பினால் சதைதான் எழுப்ப வேண்டும் என்று எனக்கு விளக்கினீர்கள். "கல்லு கம்மிதான். நிறுத்தினா ஜாஸ்தியாவுது" என்றீர்கள். வெறும் மணல் மூட்டைக்குத் திரும்பிப்போய் முதலிலிருந்து தொடங்கினீர்கள். ஒரு வாரத்துக்கு ரோசம்மாள் நேரத்துக்குக் களி கிண்டினாள்.

நிறுத்தத்தை நீங்களே கணக்குப் பார்த்தபோது, பாரம் கையில் இருக்கிறவனுக்கு அவசரம் வந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தோம். அதனால் அந்த வேலை எனக்கு வந்தது. எதிரே குந்தியிருந்து, கம்பி நின்றதும் ஒரு மூச்சு நன்றாக இழுத்து விடுவேன், பிறகு "சரி" என்பேன். அதுவரை மேலே தூக்கக்கூடாது. இவ்வளவு பெரிய அதிகாரம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு யாரும் கொடுத்ததில்லை. சும்மா விடுவேனா?

"ஏங்க, அந்தத் தாழ்ப்பாள எப்ப மாட்டுவீங்க?"

"நாளைக்கி… நாளைக்கி மாட்டறேன். சொல்லித் தொலைடி!"

"எங்க அம்மா வீட்டுக்கு?"

"ஞாயித்துக்கெழம! சத்தியமா!"

"சரி."

கம்பியைக் கீழே போட்டுவிட்டு அடிக்க வருவீர்கள், மூச்சு வாங்கிக்கொண்டு சிரிப்பீர்கள். தாழ்ப்பாளை மாட்டினீர்கள். அம்மா வீட்டுக்கும் போனோம். நம்முடைய சம்சாரத்தில் பாதி, அந்தக் கம்பி நின்ற இடத்தில் நடந்தது.

சதை ஒரே நாளில் வரவில்லை. வலது கையின் திமிர் முதலில் அடங்கியது. பிறகு இடது முனை சரிவது நின்றது. மறுபடியும் கல் ஏறியது. ஒருநாள் கையை மடக்கி, "அமுக்கிப் பாரு" என்றீர்கள். தோலுக்கு அடியில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒன்று கெட்டியாக நின்றது. அன்று கிணற்றடியில் சட்டையில்லாமல் நேராகத் திரும்பி நின்று குளித்தீர்கள். நான் துணி துவைக்கிற சாக்கில் பார்த்துக்கொண்டே இருந்தேன். நமக்கு அதைவிட நல்ல காலம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அப்புறம் உப்புத் தோல் வந்த அன்று மேஸ்திரியின் எதிரில் மூட்டையைத் தோளில் வாங்கி இறக்கினீர்கள். வண்டிக்கும் கிடங்குக்கும் நடுவில் வேண்டுமென்றே ஒரு இடத்தில் நின்று, அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனீர்களாம். நீங்கள்தான் சொன்னீர்கள். உங்கள் இடம் உங்களுக்குக் கிடைத்தது. ரோசம்மாளுக்கு அவள் கல் கிடைத்தது.

அந்த வருஷம்கூட முடியவில்லை. கழுத்தில், தோல் மூட்டை உரசும் இடத்தில், சின்னதாக ஒரு கொப்புளம். வலியில்லை என்றீர்கள். கொசு என்றீர்கள். மறுநாள் அதன் நடுப்பகுதி கரி மாதிரி கறுத்தது, சுற்றிலும் வீங்கியது, காய்ச்சல் ஏறியது. காட்பாடி வரை ரயிலில், அங்கிருந்து ஜட்காவில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வெள்ளைக்கார டாக்டரம்மா கழுத்தைப் பார்த்ததுமே என்னைத்தான் பார்த்தாள். "தோல் வேலையா?" என்று கேட்டாள். மாட்டுக்கு வருகிற வியாதியாம், பச்சைத் தோலிலிருந்து மனுஷனுக்கு ஏறுமாம். பட்டை இடிக்கிறவர்களுக்கு அவ்வளவாக வருவதில்லை என்பதையும் அவளேதான் சொன்னாள். நான் கேட்கவில்லை.

துக்கத்துக்கு வந்த ரோசம்மாள், "கை அப்டியே சூம்பிக் கெடந்திருந்தா மனுசன் இருந்திருப்பாரே" என்று ஒப்பாரி வைத்தாள். வாயை மூடு என்று எல்லார் எதிரிலும் கத்தினேன். பிறகு தனியாக இருந்தபோது அவள் சொன்னதைத்தான் நானும் சொல்லிச் சொல்லி அழுதேன். முருங்கைக்காய்க் கையோடு, கொட்டகையில் பெண்களிடம் கேலி வாங்கிக்கொண்டு, சட்டையைக் கழற்றாமல் நீங்கள் கிழவராகியிருக்கலாம். எனக்கு அது போதும். உங்களுக்குப் போதாது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் உங்கள் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. உங்களிடம் இதைத் திட்டிச் சொல்ல முடியாமல் போனது, நீங்கள் செத்ததைவிடக் கொடுமையாக இருக்கிறது சில நாட்களில்.

தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது இப்போதும் பாதியில் நின்றுவிடுகிறேன். ஏன் நிற்கிறேன் என்று கூட வருகிறவர்கள் கேட்கிறார்கள். மூச்சு வாங்குகிறது என்று சொல்கிறேன். நீங்கள் இல்லாத வீட்டில் பாரம் தூக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இனி, உங்களுக்குத் தெரியாத ஒன்று. தொற்றுகிற வியாதி, உங்களை ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது, அன்றைக்கே வேலூரிலேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில் உங்களுக்கு வெள்ளைச் சட்டை போடுவதற்கு ஒரு பெரியவர் வந்தார். உங்களை முன்னே பின்னே பார்த்திராதவர். அவர் உங்கள் கையைத் தூக்கியபோது என்னையறியாமல் சொன்னேன்.

"மெதுவாங்க ஐயா. ஒடஞ்ச கை."

அவர் உடனே நிறுத்தினார். கையைப் பூப்போலக் கீழே வைத்தார். அந்தக் கையைத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை தடவிப் பார்த்தார். மறுபக்கம் போய் இன்னொரு கையையும் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைக் கேட்டார்.

"எந்தக் கைம்மா?"

நான் உங்கள் முகத்தைத்தான் பார்த்தேன். நீங்கள் வாய்விட்டுச் சிரித்திருக்க வேண்டிய நேரம் அது.