எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு

இன்று மதியம் எருமப்பட்டிக் கோழிப் பண்ணையில் மூன்றாம் கொட்டகையின் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். கதவின் உட்புறம் நீ ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது. பழுப்பேறிய காகிதத்தில் உன் கோணல் எழுத்து: 'அவசரத்துக்கு இந்தப் பச்சைப் பொத்தான்.' தீவனத் தூசி மூக்கில் ஏற, பெட்டியை மூட மனமில்லாமல் நின்றேன்.

இந்தப் பண்ணைக்கு நாம் சேர்ந்து மென்பொருள் எழுதினோம். கொட்டகைக்கு ஒரு ஆப்ஜெக்ட், அதாவது தனியாக இயங்கும் ஒரு நிரல் துண்டு. அது அங்குள்ள கணினியிலேயே குடியிருக்கும். வெயில் ஏறினால் மின்விசிறியையும் தண்ணீர் தூவும் ஃபாகரையும் போடுவது அதன் வேலை. தலைமை ஆப்ஜெக்ட் நாமக்கல் அலுவலகத்தில். அதைக் கேட்டுப் பதில் வந்த பிறகுதான் கொட்டகை எதையும் போட வேண்டும் என்றேன் நான். நான்கு கொட்டகைக்கும் ஒரே தொட்டி. அதது தன்னிஷ்டத்துக்குத் திறந்தால் அரை மணியில் காலி.

"ஏப்பா, லைன் போயிருச்சுன்னா? பதில் வர்ற வரைக்கும் கோழி மூச்சைப் புடிச்சுட்டு நிக்குமா?" என்றாய். கொட்டகை தானே முடிவெடுக்கட்டும், பிறகு தெரிவிக்கட்டும் என்பது உன் கட்சி.

"அப்புறம் தொட்டியில எவ்வளவு தண்ணி இருக்குன்னு ஆளுக்கொண்ணு சொல்லும். எதை நம்பறது?" என்றேன்.

இரண்டிலும் இழப்பு உண்டு. எந்த இழப்பைத் தாங்குவது என்பதுதான் சண்டை. தீவன மூட்டையைப் பிரிக்கக்கூட முதலாளி வீட்டைக் கேட்கிற பண்ணை அது. அவர்களுக்கு என் ஏற்பாடுதான் பிடித்தது. தோற்ற கடுப்பில் நீ, பதிலுக்குக் காத்திராமல் எல்லாவற்றையும் போட்டுவிடும் அந்தப் பொத்தானைக் கொட்டகைதோறும் வைத்து, தாளையும் ஒட்டினாய். நான் சிரித்தேன்.

சித்திரையில் ஒருநாள் அலுவலகத்துக்கும் பண்ணைக்குமான இணைய லைன் அறுந்தது. அன்றுதான் உனக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பள்ளிபாளையத்திலிருந்து உன்னைப் பார்க்க வந்துகொண்டிருந்தவன், பண்ணையிலிருந்து போன் வர, வண்டியை ஓரங்கட்டினேன். நான்கு கொட்டகையும் வராத பதிலுக்காகக் காத்திருந்தன. பச்சைப் பொத்தானை அழுத்துங்கள் என்று கத்தினேன்.

"நீங்க சொன்னாச் சரிதானுங்க. மொதலாளியையும் ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்க" என்றார் மேற்பார்வையாளர்.

முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் சரி என்றதும் மேற்பார்வையாளர் மறுபடி என்னைக் கூப்பிட்டார். கொட்டகை கொட்டகையாக இதே கதை. நடுவே உன் மனைவி சுமதியின் பெயர் திரையில் வந்து வந்து போனது. இதோ, முடித்துவிட்டுப் பேசலாம் என்று விட்டுவிட்டேன். கோழிகள் பிழைத்தன. நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உன் உயிர் போயிருந்தது.

"சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னாங்கண்ணா. உங்களை ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுக் கெளம்பலாம்னு கூப்புட்டுட்டே இருந்தோமுங்க" என்றாள் சுமதி.

அந்த ஏற்பாட்டை இன்றுவரை மாற்ற முடியவில்லை. பதில் வரும் என்று நம்பியே ஒவ்வொரு வரியையும் எழுதியிருக்கிறோம். ஓரிடத்தில் தொட்டால் ஒன்பது இடத்தில் உடைகிறது. உன்னைத் தவிர அதன் உள்ளும் புறமும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "அதான் நீங்க இருக்கறீங்கல்லோ, எதுக்குங்க மாத்தோணும்?" என்கிறார் முதலாளி. சென்னையில் கிடைத்த வேலையை விட்டேன். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வெளியூர் போனதில்லை. கோழிக்காவது கூண்டைச் செய்தது வேறு ஆள்.

சுமதி அதன் பிறகு என்னை எதுவும் கேட்பதில்லை. வீடு மாறியதையும் பெண்ணைக் கல்லூரியில் சேர்த்ததையும் அடுத்தவர் சொல்லித்தான் அறிந்தேன். கோபமெல்லாம் இல்லை, எதிரில் பார்த்தால், "சாப்புட்டீங்களாண்ணா?" என்கிறாள். யாரையும் கேட்காமல் முடிவெடுக்கப் பழகிவிட்டாள், அவ்வளவுதான்.

அதுதான் சரி. நீ சொன்னதும் அதைத்தான். ஆனாலும், ஏதாவது அற்ப விஷயத்துக்காவது அவள் ஒரே ஒருமுறை என்னைக் கேட்கமாட்டாளா என்று தவிக்கிறேனடா. கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.