தண்ணீர் லாரிக் காட்சி

ஜூலை 8
ஒருவழியாக இன்று படம் போட்டேன். நம் நகரத்தின் மேட்டுத் தெருக்களும் ஆற்றோரத் தெருக்களும் எப்படி இருக்கின்றன என்று காட்டும் ஆவணப்படம். புவியியல் புத்தகத்தில் ‘நகர்ப்புற ஏற்றத்தாழ்வு’ என்று இரண்டு பக்கம் இருக்கிறது, படித்தால் தூக்கம்தான் வரும். வழக்கம்போல நடுவில் நிறுத்தி, கேமரா எங்கே நின்றது என்று வரைபடத்தில் குறிக்கச் சொன்னேன். நிறுத்தியது தண்ணீர் லாரிக் காட்சியில். குடத்தோடு ஒரு பெண், கத்தத் திறந்த வாயோடு, சுவர் முழுக்க. குறித்து முடிக்கும்வரை அப்படியே விட்டிருந்தேன். பின்பெஞ்சு சிரித்தது, அதட்டினேன். ஜன்னலோரப் பெண் — மனசுக்குள் சுருட்டை என்று கூப்பிடுவேன் — மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தலைவலி என்று நினைத்தேன்.

ஜூலை 9
சுருட்டை வரவில்லை. பக்கத்தில் உட்காருகிறவள் மெல்லச் சொன்னாள்: “மிஸ், படத்துல கத்தினது அவ அம்மா.”


ஜூலை 10
இன்றும் இல்லை. ஏற்றத்தாழ்வைப் புரியவைக்கிறேன் என்று போய், அவள் அம்மாவையே வேடிக்கைப் பொருளாக்கிவிட்டேனே. படிப்பையே விட்டுவிட்டால்? “நீ வேணும்னா செஞ்ச?” என்கிறார் வீட்டுக்காரர். வேணும்னு செய்யல, சரி. அதுக்காக அவளுக்கு வலிக்காம இருக்குமா? நாளைக்கு வீட்டுக்கே போகவேண்டும். போய் என்ன சொல்வது?

ஜூலை 11
போகவேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. காலையில் ஆசிரியர் அறை வாசலில் சுருட்டை. பின்னால் அவள் அம்மா.
“மன்னிச்சிடுங்கக்கா—”
“அது கெடக்கட்டும் டீச்சர். ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா, நேத்துதான் வாயத் தொறந்தா. அந்தப் படத்த எனக்கு ஒருதடவ போடுங்க. எடுத்தவங்க காட்டவே இல்ல.”
காலி வகுப்பில் போட்டேன். லாரி வந்ததும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.
“அவ்வளவுதானா? பாதித் தெருவுக்கு ஊத்திட்டுக் கெளம்பப் பாத்தான். வண்டிக்கு முன்னாடி போய் நின்னுட்டேன். கடைசி வீடு வரைக்கும் ஊத்திட்டுத்தான் போனான். அத வெட்டிட்டாங்களே.”
“எங்கிட்ட சொல்லவே இல்லையேம்மா,” என்றாள் மகள்.
“நீ எங்க கேட்ட?”
வயிற்றில் பால் வார்த்தார் மகராசி.

ஜூலை 12
நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 15
சுருட்டையே கேட்டாள், அதே காட்சியில் மறுபடி நிறுத்தினேன். வரைபடத்தில் லாரியை மறித்த இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தாள். “கேமரா இங்க வரல,” என்று நடந்ததைச் சொன்னாள்.
பின்பெஞ்சில் ஒருவன், “நெஜமாவே ஊத்தினானா?” என்றான்.
சுவரில் இருந்த முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள்.
“ஊத்தாம போயிடுவானா? எதிர்ல நின்னது எங்கம்மா.”