ஹவானாவில் கடைசி ஆள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. கப்பல் சமையலறையில் ருசி பார்த்துப் பார்த்தே தொப்பை விழுந்துவிட்டது.

கோபித்துக்கொள்ளாதே. போன வாரம் எங்கள் கப்பல் ஹவானாவில் நின்றது. ஒரே ஒரு இரவு. விடிந்ததும் கிளம்பிவிட்டோம். அதற்குள் தீவின் மறுகோடியில் இருக்கும் பராகோவாவுக்கு எப்படி வந்து திரும்புவேன்?

சாயங்காலம் பழைய நகரத்துக்குள் நடந்தேன். ரொட்டிக்கடை வாசலில், நம் ஊர் போலவே, யாரும் வரிசையாக நிற்காமல், தனக்கு முன்னால் யார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். "யாரு கடைசி?" என்று கேட்டேன். "நான்தான்" என்று ஒரு பெண்மணி கையைத் தூக்கினாள். அதைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! அடுத்து ஒரு கிழவர் வந்து கேட்டபோது நானும் பெருமையாக "நான்தான்" என்றேன். அந்தக் குஷியில், எனக்கு முன்னால் யார் என்று அவருக்குக் காட்டாமலே கடலைப் பார்க்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் ஒரே சண்டை. கிழவரின் இடம் எதுவென்று யாருக்கும் தெரியவில்லை.

"அதோ வர்றான் பாருங்க!" என்று அந்தப் பெண்மணி கத்தினாள். "வரிசையில நிக்கக்கூட மறந்துட்டியா? எந்த ஊருடா நீ?"

"பராகோவா, அக்கா."

"அப்புறம் இங்க என்ன ரொட்டி? வீட்டுக்குப் போடா, உங்கம்மா சுட்டு வெச்சிருப்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கோக்கோ உருண்டை கொஞ்சம் எடுத்து வை. என் நீலச் சட்டையை யாருக்கும் கொடுத்துவிடாதே. பெரிய சமையல்காரர் கூப்பிடுகிறார், போகிறேன். ஒன்று மட்டும் செய்: ரொட்டி வாங்கப் போகும்போது, உனக்குப் பின்னால் நான் வருகிறேன் என்று சொல்லி வை.

முத்தங்களுடன்,
ரெய்னியர்