கதவுக்கு மூன்று கீல்

அன்புள்ள அண்ணே,

முதல் சொல்லை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருக்கிறேன். நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களை எதிர்த்து ஒரு வாக்கியத்தைக்கூட நான் பேசி முடித்ததில்லை. போனவரிடம் சண்டைக்குப் போவது கோழைத்தனம் என்பார்கள். நான் கோழைதான். அதை ஊரறியச் சொன்னவரே நீங்கள்தானே?

பரவையில் என் மூத்த மகள் கோமதியை அவள் புகுந்த வீட்டில் பார்த்துவிட்டு நேற்றுத்தான் திரும்பினேன். அவளுக்கு நீங்கள் முன்னின்று கொடுத்த சீரில் ஒரு தேக்கு பீரோ இருந்ததே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மகளுக்கு பீரோ செய்கிற யாராவது இதைப் படித்தாலும் நல்லதுதான்.

அன்று அதற்குக் கீல் வாங்க வெண்கலக்கடைத் தெருவுக்குப் போனோம். கதவோ கனமான தேக்கு. ஒன்றில் நிலைக்கண்ணாடி வேறு. நான் ஒவ்வொரு கீலாக விரித்து, இரண்டு பக்கமும் பிடித்து அசைத்துப் பார்த்தேன். நடு ஆணி இன்று ஆடினால் நாளை கதவு தொங்கும். தடித்த வார்ப்புக் கீல்களாகப் பொறுக்கி வைத்தேன். நீங்கள் அவற்றை ஒதுக்கிவிட்டு, மெல்லிய தகட்டில் பூ அடித்தவற்றை எடுத்தீர்கள். பந்தலில் சீர் பரப்பும்போது பளபளக்க வேண்டுமாம். பந்தலில் காலி பீரோ, சாத்திய கதவு. எந்தக் கீல்தான் அங்கே தாங்காது?

சரி, தகடாகவே இருக்கட்டும், கதவுக்கு மூன்றாவது வைக்கலாம் என்றேன்.

"நல்ல காரியத்துல மூணா? வெளங்கும்டா."

இரண்டு கதவு, ஆக மொத்தம் ஆறு, இரட்டைப்படைதானே என்று ஆரம்பித்தேன். முடிக்க விட்டீர்களா?

"வாத்தியாரு வாய்ப்பாடு சொல்றாருப்பா. ஏண்டா, கீலு எண்ணுறதுக்கும் பள்ளிக்கூடத்துல சம்பளம் குடுக்குறாகளா?"

கடைக்காரர் சிரித்தார். கூட வந்த ஆசாரியும் சிரித்தார். கதவுக்கு இரண்டு கீல் என்று முடிவாயிற்று.

உங்கள் காரியம் முடிந்த சில மாதங்களில் கண்ணாடிக் கதவு தொங்கிவிட்டது, அண்ணே. கீழ்மூலை சட்டத்தில் உரசியது. பூட்டின் நாக்கு அதன் துளையில் விழவில்லை. பூட்டாத பீரோவில் நகை எதற்கு என்று, கோமதியின் மாமியார் நகை, பட்டு எல்லாவற்றையும் தம்முடைய பெட்டிக்கு மாற்றிக்கொண்டார். அதன் பிறகு ஒரு தோடு மாற்ற வேண்டுமென்றாலும் என் மகள் போய்க் கேட்டு நிற்க வேண்டும். எதற்கு, எங்கே, யாரோடு என்று பதில் சொல்ல வேண்டும். உங்கள் பூவேலையின் பலன் அது.

என் வழக்கப்படி என்னையே சந்தேகித்தேன். மரம் சரியாகக் காயவில்லையோ? நான் பொறுக்கிய கீலும் இப்படித்தான் தொங்கியிருக்குமோ? ஆசாரி கதவைக் கழற்றியபோது குனிந்து பார்த்தேன். மரம் கல்லாக இருந்தது. உங்கள் கீல்தான் வெற்றிலைபோல் வளைந்திருந்தது.

இது யுத்த காலம். நல்ல பித்தளை கண்ணில் படுவதில்லை. பழைய சாமான் கடைகளில் அலைந்து, கறுத்துப்போன வார்ப்புக் கீல்களைக் கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் விரித்து அசைத்துப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. நீளமான திருகாணிகளாக வாங்கினேன். சுத்தியலால் அடித்து இறக்காமல் திருகியே இறக்கும்படி ஆசாரியிடம் சொன்னேன். மூன்றாவது கீலை நடுவில் வைக்காமல் சற்று மேலே தள்ளி வைக்கச் சொன்னேன். இழுப்பெல்லாம் மேலேதானே?

சம்பந்தியம்மாள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீரும் குடுத்துட்டு, ரிப்பேருக்கும் நீங்களே வர்றீகளாக்கும். அதென்ன, கதவுக்கு மூணா வைக்கிறீக?"

உங்கள் குரலே கேட்டதுபோல் இருந்தது.

"மொத்தம் ஆறு, சம்பந்தியம்மா," என்றேன்.

அவர் இரண்டு கதவையும் பார்த்தார். எண்ணியிருப்பார் போலும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க நீங்கள் சாக வேண்டியிருந்ததா, அண்ணே?

கோமதி கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினாள். நாக்கு விழுந்தது. திறந்து மறுபடி பூட்டினாள். பிறகு மாமியாரிடம் திரும்பினாள்.

"அத்தே, பூட்டுது. என் சாமானக் குடுங்க, உள்ள வச்சுக்கிறேன்."

அவள் கேட்ட விதத்தில் பயமில்லை. என்னிடமிருந்து வராத குணம். உங்களிடமிருந்து வந்ததோ என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. சம்பந்தியம்மாள் உள்ளே போய் எல்லாவற்றையும் எடுத்து வந்தார்.

வருகிற தையில் சின்னவளுக்குக் கல்யாணம். அப்பா இருந்து செய்ததுபோலவே செய்ய வேண்டும் என்று உங்கள் மகன் இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டான். அவள் பீரோவுக்கு நான்தான் கீல் பொறுக்குவேன். கதவுக்கு மூன்று. யார் சிரித்தாலும் மூன்று. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கழற்றிய கீல்களை மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். உங்கள் திதியன்று படத்துக்கு மாலை வாங்கமாட்டேன். இவற்றை வைப்பேன். நீங்களே பார்த்துப் பொறுக்கிய பூ.

இப்படிக்கு,
உங்கள் கூடப்பிறந்த தம்பி