முப்பது முதுகுகளில் உங்கள் முகம்

சண்டை பிடிக்கவும், பிறகு ஒன்றும் நடவாததுபோல் சேர்ந்து தேநீர் குடிக்கவும் எனக்கென்று இருந்த மங்களா மச்சாளுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடமும் சில மாதங்களும் ஆகின்றன. இதுவரை நான் ஒரு வரியும் எழுதவில்லை. செத்தவர்களுக்குக் கடிதம் எழுதுவது வேலையற்றவர்களின் வேலை என்று நினைத்திருந்தேன். இப்போது ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லாமல் விட முடியாது என்று ஆகிவிட்டதால் எழுதுகிறேன். அரசாங்கக் கச்சேரியில் எழுத்தராக இருபத்தெட்டு வருடம் கடிதம் எழுதிய கை இது. நடந்ததை நடந்தபடி சொல்லும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் தம்பி, என் மனுஷன், நலம். என்னோடு சண்டை போட ஆளில்லாமல் அவரோடு போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. உடனே மன்னிப்புக் கேட்கிறார். உங்கள் வீட்டு வளவுத் தோடை மரம் நன்றாகக் காய்க்கிறது. ஆரையம்பதியில் பாதிப்பேர் கேட்காமலே பறிக்கிறார்கள். நான் கண்டும் காணாததுபோல் இருக்கிறேன்.

நீங்கள் தொடங்கிய மாதர் குழுவில் இப்போது ஏழு பேர். புஷ்பம்தான் தலைவி. திருவிழாவுக்கு வழக்கம்போல கோயில் வெளிவீதியில் வடையும் கடலையும் விற்றோம். வடைக்கு உப்புக் கூடிவிட்டது. நீங்கள் இல்லாதபடியால் ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, வடையும் முழுக்க விற்றுப் போனது. அதில் வந்த காசில் மழைக்கு முன் வவுணதீவில் மூன்று வீடுகளுக்குக் கூரைத் தகரம் போடுவதென்று முடிவெடுத்தோம். இந்த மூன்று வீடுகளையும் ஞாபகம் வைத்திருங்கள், பிறகு வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடப் பைகளுக்கு நீங்கள் வைத்திருந்த துண்டுச் சீட்டு முறை நினைவிருக்கிறதா? புது வகுப்புத் தொடங்குமுன் கஷ்டப்பட்ட வீடுகளின் தாய்மாருக்கு ஆளுக்கொரு துண்டு எழுதிக் கொடுப்பீர்கள். அவர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு புளியந்தீவுக் கடைக்குப் போவார்கள். பிள்ளை எல்லாப் பையையும் தோளில் மாட்டிப் பார்த்து, தனக்குப் பிடித்த ஒன்றை எடுக்கும். தாய் அந்தத் துண்டைக் கடைக்காரரிடம் கொடுப்பாள். அவர் தலையாட்டி உங்கள் கணக்கில் எழுதுவார். யார் வாங்கிக் கொடுத்தது என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது.

ஒருமுறை நான் உங்களோடு இதற்காக வாதாடினேன். "ஒரு சின்னக் கூட்டமெண்டாலும் வைப்பம் மச்சாள், சனத்துக்குத் தெரியவேணாமா?" என்று கேட்டேன். "ஆருக்குகா தெரியவேணும்? பேக் போடுற புள்ளைக்குத் தோள் நோகாட்டிக் காணும்" என்றீர்கள். அத்துடன் அந்தக் கதை முடிந்தது.

உங்கள் மகன் ரூபனால் கனடாவிலிருந்து செத்தவீட்டுக்கு வர முடியவில்லை. அங்கே அவனுடைய விசாப் பத்திரம் இன்னும் சரிவரவில்லை. உங்களைச் சுடலைக்குக் கொண்டுபோகும்வரை நான்தான் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் அதற்குள்ளிருந்து பார்த்தான். கை உளைந்தது, ஆனாலும் இறக்கவில்லை.

ஆண்டுத் திவசம் வருமுன் அவன் கதைத்தான். "மாமி, அம்மாட பேரில முப்பது புள்ளையளுக்கு பேக் குடுப்பம். அம்மாட படம் போட்டு அடிப்பம்" என்றான். வவுணதீவுப் பள்ளிக்கூடம் ஒன்றைத் தெரிந்தெடுத்தோம். குழுவில் ஐந்து நிமிடத்தில் எல்லோரும் சம்மதம். நானும்தான். படம் தேடிக் கொடுத்தவளே நான். கமராவைக் கண்டால் குசினி அடுப்படிக்கு ஓடுகிற ஆளுக்கு எங்கே படம் இருக்கப் போகிறது? அடையாள அட்டையில் இருந்ததை எடுத்துப் பெருப்பித்தோம். யாரோ உங்களிடம் பொய் சொல்லி அப்போதுதான் பிடிபட்டதுபோல ஒரு முகம். அதற்குக் கீழே, 'அமரர் மங்களேஸ்வரி ஞாபகார்த்தமாக' என்று சிவப்பு எழுத்து.

கூட்டம் வைத்தோம். பெனர் கட்டினோம், விளக்கேற்றினோம், அதிபர் உங்களைப் பற்றி நீளமாகப் பேசினார். பாதி வேறு யாரையோ பற்றி இருந்தது. கடைசியில் ரூபனுக்குப் படம் அனுப்ப வேண்டும் என்று முப்பது பிள்ளைகளையும் திரும்பி நிற்கச் சொன்னோம். முகம் அந்தப் பக்கம், பை இந்தப் பக்கம். முப்பது முதுகுகளிலிருந்தும் நீங்கள் என்னை முறைத்துப் பார்த்தீர்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. என் பிழை அங்கேதான்.

இரண்டு மாதம் கழித்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற படம் வேண்டும் என்று ரூபன் கேட்டான். ஓர் ஆசிரியை எடுத்து அனுப்பினார். அன்றே அவன் அழைத்தான். "மாமி, ஒரு புள்ளைட பேக்கில அம்மாவக் காணல்லையே" என்றான். பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் முகம் இருந்த இடத்தில் மஞ்சள் பூப்போட்ட சீத்தைத் துணி.

புஷ்பத்துக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "நம்மட மங்களாக்காட முகத்த மறைச்சிரிக்காள்! அந்த வீட்டுட பேர வெட்டுங்க, தகரமும் வேணாம் ஒண்டும் வேணாம்" என்றாள். ஆம், மூன்று வீடுகளில் ஒன்று அந்தப் பிள்ளையின் வீடு. மழை தொடங்க மூன்று கிழமைகூட இல்லை. பெயர் வெட்டுமுன் ஒருவர் போய் விசாரிப்பதென்று தீர்மானமாகி, விசாரணைக்கு என்னை அனுப்பினார்கள்.

பாலத்தைக் கடந்து வவுணதீவுக்குப் பஸ்ஸில் போனேன். தாயின் பெயர் கோமதி. புருஷன் வயல் வட்டைக்குள் கூலிக்குப் போகிறான், விதைப்பு வெட்டு இல்லாத நாளில் வீட்டில் இருக்கிறான். இவள் ஒரு பழைய மெஷினில் சட்டை தைக்கிறாள். கூரையில் தகரத்தைவிட ஓட்டைதான் கூட. பிள்ளை தனுசியா, எட்டாம் வகுப்பு.

நான் பையைப் பற்றிக் கேட்டதுதான் தாமதம், கோமதி கத்திரிக்கோலை எடுத்து அந்தத் துணியின் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். என் முகத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மச்சாள், என் வாழ்நாளில் என்னைக் கண்டு ஒருவர் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"பிரிக்காத புள்ள, வை அத" என்றேன். "ஏன் தைச்ச எண்டு மட்டும் சொல்லு."

"மரியாத இல்லாமச் செய்யல்ல மாமி" என்றாள். "பள்ளிக்கூடத்தில இத 'செத்த ஆள்ர பேக்' எண்டு சொல்லுறாங்களாம். இவள் வந்தா 'செத்தவீடு வருகுது, பறை அடிங்கடா' எண்டு கத்துறாங்களாம்." பிறகு, "பத்து நாள் போகல்ல. மறுகா சொப்பிங் பேக்கில புத்தகத்தக் கொண்டு போனாள். மழைக்கு அது காணாதே. மண்ணெண்ண போட்டுத் தேச்சன், படம் போகல்ல. கத்தியால சுரண்டுவமெண்டு பார்த்தன். மனம் வரல்ல. ஒரு ஆள்ர முகமல்லா மாமி" என்றாள்.

அதனால் அவள் ஒரு பொக்கற் தைத்திருக்கிறாள். மூன்று பக்கம் தையல், மேற்பக்கம் திறப்பு. தனுசியா அதற்குள் பென்சிலும் அடிமட்டமும் வைத்திருந்தாள். "உள்ளுக்குள்ள இரிக்கா" என்று விரித்துக் காட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன். கன்னமெல்லாம் பென்சில் கரியோடு நீங்கள் இருந்தீர்கள். வெளியில் இருந்ததைவிடக் கோபம் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது. இருட்டுக்குள் பார்த்தபடியாலாக இருக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் அறிக்கை கொடுத்தேன். புஷ்பம் மட்டும், "எண்டாலும் மங்களாக்காட முகம்..." என்று இழுத்தாள். "அந்தப் படத்தக் குடுத்த நான். பேர் வெட்டுறெண்டா என்ட பேர வெட்டு" என்றேன். புஷ்பம் கெட்டவள் அல்ல, உங்களுக்குத் தெரியும். கணக்குக் கொப்பியை எடுத்துத் தந்து, தகரத்துக்குப் போய் ஓடர் கொடுக்கச் சொன்னாள்.

ரூபனுக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஒன்றையும் மறைக்கவில்லை. பறை அடிக்கச் சொன்ன கதை உட்பட எல்லாம் சொன்னேன். 

"நான் அம்மாவக் கடைசியாப் பார்த்த உங்கட ஃபோனுக்குள்ள மாமி" என்றான். "அந்தப் புள்ளையள் நடக்கக்குள்ள அவவும் அந்த ரோட்டால நடந்து போறா எண்டு நெனச்சன். வேற ஒண்டுமில்ல."

எனக்கு அழுகை வந்தது. உங்கள் செத்தவீடு முடிந்த கையோடு வாடகைக் கதிரை எண்ணியவள் நான், அன்று வராத அழுகை அப்போது வந்தது.

மறுநாள் உங்கள் அலுமாரியைத் திறந்தேன். உங்கள் பருத்திச் சேலைகள் பதினொன்று இருந்தன. இவ்வளவு நாளும் நான் அவற்றைத் தொடவில்லை. செத்தவர்களின் உடுப்பை வாங்கிப் போகிற கட்டாடியிடம் கொடுக்கவும் மனமில்லை, கட்டிக்கொள்ளவும் மனமில்லை. அப்படியே மடித்த மடிப்போடு பஸ்ஸில் ஏற்றி வவுணதீவுக்குக் கொண்டு போனேன். எல்லாப் பைகளுக்கும் அதேபோல் பொக்கற் தைக்க, கோமதியின் மெஷினைப் பள்ளிக்கூட வளவு வேப்பமரத்தின் கீழ் வைத்தோம். சும்மா இல்லை, கூலிக்குத்தான்.

எந்தப் பைக்கு எந்தத் துணி என்று பிள்ளைகளே தெரிந்தெடுக்கட்டும் என்றேன். பிறகு அந்த மரத்தடியில் கேட்ட சத்தம், புளியந்தீவுக் கடையில் முன்பு கேட்ட சத்தம்தான். கரை வைத்துத் தா என்கிறது ஒன்று, கரை வேண்டாம் என்கிறது ஒன்று. மண்ணிறச் சேலைக்குப் பையன்கள் அடிபட்டார்கள். பறை அடிக்கச் சொன்னவனும் தம்பிக்குத் துணி தெரிந்தெடுக்க வந்து வரிசையில் நின்றான், தனுசியா காட்டித் தந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, முறைத்தேன். ஒரு சின்னப் பெண் மட்டும் பையைத் தரமாட்டேன் என்று நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "இவ எனக்குக் காவல்" என்றாள். சரி, விட்டுவிட்டோம்.

அன்று பின்னேரம் பிள்ளைகள் வீட்டுக்குப் போகையில் தூரத்தில் நின்று ஒரேயொரு படம் எடுத்தேன். யாரையும் திரும்பச் சொல்லவில்லை. அவர்கள் பாட்டுக்கு வயல் ரோட்டால் போகிறார்கள். முன்னால் உங்கள் பச்சைச் சேலை, பின்னால் மண்ணிறம், வாய்க்கால் கட்டில் ஏறி நீலம். ரூபனுக்கு அனுப்பினேன். விளக்கம் எழுதவில்லை, துணி எங்கே எடுத்தது என்றும் சொல்லவில்லை.

அரைமணித்தியாலத்தில் அழைத்தான். "மாமி, அந்த நீலம், நான் வெளிநாடு வெளிக்கிடக்குள்ள எயார்போட்டுக்கு அம்மா உடுத்து வந்த சீலையல்லா? பச்சை, சம்பளம் எடுக்கப் போற சீலை." ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனான். ஒன்றும் பிழைக்கவில்லை. கடைசியில், "நடந்துதான் போறா மாமி" என்றான்.

கோமதியின் கூரைக்குத் தகரம் அடித்த மூன்றாம் நாள் மழை தொடங்கியது. தனுசியா பள்ளிக்கூடம் போகிறாள். அடுத்த முறை துண்டு எழுதச் சொல்லி ரூபனே சொல்லிவிட்டான், படம் வேண்டாமாம்.

அந்தத் துண்டுகளை நான் எழுதுவேன். கூட்டம் இல்லை, பெனர் இல்லை. காவலுக்கு வைத்திருக்கிற அந்த ஒரு முதுகைத் தவிர வேறு எந்தப் பிள்ளையின் முதுகிலும் உங்கள் முகம் இனி ஏறாது. இது என் வாக்கு, மச்சாள். பதினோராவது சேலையை மட்டும் நான் வெட்டவில்லை. நாளைய குழுக் கூட்டத்துக்கு அதைத்தான் உடுத்திப் போகிறேன், ஏசுவதென்றால் ஏசுங்கள்.

உங்கள் தம்பி பெண்டாட்டி,
உங்களோடு சண்டை முடியாத மச்சாள்
வசந்தி